கார்டு ஸ்லோங்க அக்கா

போன மாதம் தம்பி மகள் போனில் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்டாள். காலேஜில் இப்போது பழைய சின்ன டிஜிட்டல் கேமராவுக்குத்தான் மவுசாம். கையில் இருக்கிற போனில் அதைவிட நல்ல படம் வரும். ஆனால் நல்ல படமாக வருவதுதான் இந்தப் பிள்ளைகளுக்குப் பிடிக்கவில்லையாம். வீட்டுப் பரணில் கிடந்த ஒரு கேமராவை எடுத்துத் துடைத்து, எங்கெங்கோ அலைந்து பேட்டரி வாங்கிப் போட்டிருக்கிறாள். அதுவும் உயிர் பெற்றுவிட்டது.

"அத்தை, இதுக்கு வேகமான கார்டா வாங்கிப் போடோணுங்களா, இல்ல உள்ள இருக்கறதே போதுங்களா? நெட்ல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க."

கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. பாவம், அவளுக்கு என்ன தெரியும். அவள் பிறப்பதற்கு முன்னால் நடந்த கதை அது. "ஞாயித்துக்கிழமை ஊட்டுக்கு வாரேன் கண்ணு, பாத்துட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டேன். அது என்ன கேமரா என்பதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றில்லை. வாங்கிக் கொடுத்தவளே நான்தான்.

காந்திபுரத்தில் டவுன் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. அதில் கேமரா கவுண்டரில் பல வருஷம் நின்றவள் நான். இன்றைக்கும் அதே கடைதான், அதே கண்ணாடி மேஜைதான். உள்ளே கேமராவுக்குப் பதிலாகப் போன் கவர் தொங்குகிறது. வருகிறவர்கள் முன்பு "ஏனுங்க, இந்தக் கேமரால படம் நல்லா வருமுங்களா?" என்று கேட்டார்கள். இப்போது "ஏனுங்க, இது கீழ உழுந்தா ஒடையாதுங்களா?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நான் ஒரே முகத்தோடுதான் பதில் சொல்கிறேன்.

அந்தக் காலத்தில் கேமரா வாங்கிய ஒவ்வொருவரும் கடைசியில் படம் பதிகிற மெமரி கார்டு பற்றிக் கேட்பார்கள். கார்டின் மேல் ஒரு வட்டத்துக்குள் நம்பர் போட்டிருக்கும். நம்பர் பெரிசானால் வேகம் ஜாஸ்தி. பெரிய நம்பர் வாங்கினால்தான் படம் தெளிவாக வரும் என்று பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருந்தார்கள். விற்கிறவள் நான் ஆமாம் என்றால் முதலாளிக்குச் சந்தோஷம். நான் சொன்னதில்லை. அதனால்தான் இன்றைக்கு வரைக்கும் கவுண்டரிலேயே நிற்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். பட்டனை அமுக்கியதும் படம் நேராகக் கார்டுக்குப் போவதில்லை. முதலில் கேமரா அதைத் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்கிறது. பிறகுதான் கார்டில் எழுதுகிறது. எழுதும்போது ஓரத்தில் ஒரு சின்ன விளக்கு மினுக்கும். அது அணைகிற வரைக்கும் பல சின்னக் கேமராக்கள் அடுத்த படத்துக்கு இடம் கொடுக்காது. மட்டமான கார்டு என்றால் விளக்கு கூடுதல் நேரம் மினுக்கும், நல்ல கார்டு என்றால் சீக்கிரம் அணையும். ரொம்ப உசத்தியான கார்டைப் போட்டும் புண்ணியமில்லை, கேமராவுக்கே அவ்வளவு வேகம் கிடையாது. வீடியோ எடுக்கிறவர்களுக்கும், ஓடுகிற குழந்தையைப் படபடவென்று எடுக்கிறவர்களுக்கும் கார்டு நன்றாக இருக்க வேண்டும். நிற்கிற ஆளை நிதானமாக ஒரு படம் எடுப்பதற்கு எந்தக் கார்டும் போதும். முதல் படத்தை எந்த மட்டமான கார்டும் தடுக்காது. தடுத்தால் அடுத்த படத்தைத்தான் தடுக்கும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டு பாவப்பட்ட சாமான். அதற்கு வாய் கிடையாது. அதனால் எல்லாப் பழியும் அதன் தலையில்தான் விழும். புதுசாகக் கல்யாணமான ஜோடி வால்பாறை போய்விட்டு வந்து, "சிங்கவால் கொரங்கு ரோட்டுலயே நின்னுச்சுங்க, கார்டு ஸ்லோ, எடுக்க முடியலீங்க" என்று சண்டைக்கு வரும். கேமராவை வாங்கிப் பார்த்தால் அந்தக் கொண்டை ஊசி வளைவில் மாப்பிள்ளை பெண்டாட்டியைப் பதினைந்து படம் எடுத்திருப்பார். குரங்கு வந்தபோது பேட்டரி தீர்ந்திருக்கும். ஒருத்தர் பேரனுடைய காதுகுத்தில் எல்லோர் தலையையும் வெட்டி வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, கார்டை மாற்றிக் கொடுக்கச் சொன்னார். நான் மாற்றிக் கொடுத்தேன். தலை எங்கே போயிற்று என்று கார்டிடம் கேட்டால் அது என்ன சொல்லும்.

அந்த வேலைக்கு நான் ஆசைப்பட்டுப் போகவில்லை. மேட்டுப்பாளையத்தில் ஒரு பாக்கு மண்டிக்காரர் வீட்டுக்கு வாக்கப்பட்டுப் போய், சில வருஷத்தில் பெட்டியோடு திரும்பி வந்தேன். ஏன் வந்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு காலத்தில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. கேட்டவர்களும் எனக்காகக் கேட்கவில்லை. கோர்ட்டில் தீர்ந்து வந்த பிறகு பல்லடம் பக்கம் எங்கள் தோட்டத்து வீட்டில் அம்மாவோடும் தம்பியோடும் இருந்தேன். அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். காலையில் பஸ் பிடித்துக் காந்திபுரம் வந்து, சாயங்காலம் பஸ் பிடித்துத் திரும்புவேன். தோட்டத்தில் யாரும் என்னை ஒரு வார்த்தை தப்பாகச் சொன்னதில்லை. எங்கள் ஊர்க்காரர்கள் அவ்வளவு மரியாதையானவர்கள். ஒரு ஆளைத் தள்ளி வைப்பதாக இருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் தள்ளி வைப்பார்கள்.

தம்பிக்குக் கல்யாணம் கூடியது. எங்கள் பக்கத்துக் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால், மாப்பிள்ளைக்கும் அவனோடு பிறந்தவளுக்கும் செய்கிற சீர். அக்காவோ தங்கையோ அவன் பக்கத்தில் நிற்பாள். மடித்த புதுச்சேலையின் ஒரு முனை அவன் கையில் இருக்கும், மறுமுனை அவள் கையில் இருக்கும். வரப்போகிறவள் வந்தாலும் பிறந்தவளுக்கு இந்த வீட்டில் உள்ள பாத்தியதை போகாது என்று ஊரைக் கூட்டிச் சொல்வதுதான் அதன் அர்த்தம். சீர்களை நடத்திவைக்கிற பெரியவரை அருமைக்காரர் என்போம். அவர் வந்து நின்று நடத்துவார். சின்ன வயதில் அந்தச் சேலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்களைப் பார்த்து, என் தம்பி கல்யாணத்தில் எனக்கு என்ன கலர் சேலை என்று யோசித்தவள் நான்.

தாலி இல்லாதவள் அந்தச் சேலையைப் பிடிக்கலாமா என்பது இப்போது கேள்வியாகிவிட்டது. யாரும் நேராகக் கேட்கவில்லை. சின்னம்மா வந்து, "எல்லா வேலையும் உன்ற தலமேலதான கெடக்குது அம்மணி, இதையும் நீயே இழுத்துப் போட்டுக்கோணுமா" என்றாள். மாமா வந்து, "நீ உள்ள உக்காந்து சவுரியமாப் பாரு கண்ணு" என்றார். பெரியப்பா மகள் இருக்கிறாள், புருஷனும் குழந்தைகளுமாக நிறைந்து இருக்கிறாள், அவளும் அக்கா முறைதானே என்று எல்லோரும் என் காதுபடக் காற்றிடம் சொன்னார்கள். அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

தம்பிதான் பேசினான். அவன் அதிகம் பேசுகிறவன் அல்ல. சின்னப் பிள்ளையிலிருந்தே நான் முன்னால் போனால் பின்னால் வருகிறவன். பெரியவர்கள் எல்லோரும் கயிற்றுக் கட்டிலிலும் நாற்காலியிலும் உட்கார்ந்திருந்தபோது, அவன் எழுந்து நின்று, "என்ற அக்காதானுங்க நிப்பாங்க. அவங்க நிக்கலீன்னா எனக்கு இந்தச் சீரே வேண்டாமுங்க" என்றான்.  சொல்லியேவிட்டான்.  பிறகு மாமா, "செரி, மாப்பள ஆசப்படறாப்படி, நிக்கட்டும்" என்று காப்பி கேட்டார். அன்றைக்கு நான் பாத்ரூமுக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். எனக்கென்று ஒருத்தன் ஊர் முன்னால் எழுந்து நின்றது அதுதான் முதல் தடவை.

மண்டபத்தில் தாலி கட்டுவதற்கும் ரிசப்ஷனுக்கும் பெரிய லைட்டோடு ஆள் பேசியிருந்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் வீட்டு வாசலில் நடக்கிற சீர்களுக்கு ஆள் இல்லை. அதனால் கடையிலிருந்து நானே ஒரு சின்னக் கேமரா வாங்கினேன். வெள்ளிக் கலர், சட்டைப் பையில் போடலாம். கார்டையும் நானே பார்த்துப் போட்டேன். எங்கள் கடையில் இருந்ததிலேயே வேகமான கார்டு. அந்தக் கேமராவுக்கு அவ்வளவு தேவையில்லை என்று எனக்கே தெரியும். இருந்தாலும் போட்டேன். தம்பி கல்யாணம். ஒரு படம் தப்பிவிடக் கூடாது.

கேமராவை மாமன் மகனிடம் கொடுத்தேன். எங்கள் சொந்தத்தில் எந்த விசேஷம் என்றாலும் படம் எடுப்பது அவன்தான். திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, கை நிதானம், எல்லோரையும் சிரிக்க வைத்து எடுப்பான். கடையில் எல்லோருக்கும் சொல்கிற மாதிரியே அவனுக்கும் விளக்கு, பட்டன் எல்லாம் காட்டிக் கொடுத்தேன். "செரிங்க அக்கா, செரிங்க அக்கா" என்று கேட்டுக்கொண்டான். அன்று மத்தியானம் பந்தலில் கட்டியிருந்த வாழைமரத்தைச் சும்மா எடுத்துப் பார்த்து, எனக்குக் காட்டினான். பளிச்சென்று வந்திருந்தது.

சாயங்காலம் சீர் நடந்தது. அரக்குக் கலர் பட்டு கட்டியிருந்தேன். வெகு நாளைக்குப் பிறகு தலை நிறையப் பூ வைத்திருந்தேன். எல்லோரும் பார்க்க மட்டும் பார்த்தார்கள். அருமைக்காரர் சேலையின் ஒரு முனையைத் தம்பி கையில் கொடுத்து மறுமுனையை என்னிடம் நீட்டினார். பிடித்தேன். தம்பி என்னைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தான். அந்தப் பக்கம் வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் கேமராவைத் தேடினேன். மாமன் மகன் நேர் எதிரில்தான் நின்றான். கேமரா அவன் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. குனிந்து அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான், என்னைப் பார்த்தான், மறுபடியும் குனிந்துகொண்டான். விரலால் அதைத் தட்டினான். சேலை என் கையில் இருந்த நேரம் முழுக்க அவன் அப்படியே நின்றான்.

சீர் முடிந்து தட்டங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். திரும்பி வந்தபோது, "என்னடா, வந்துச்சா?" என்று கேட்டேன்.

"கார்டு ஸ்லோங்க அக்கா" என்றான். "எழுதிட்டே இருந்துச்சு. எடுக்க உடலீங்க."

நான் சரி என்றேன். கூட்டத்தில் வேறென்ன சொல்ல. ஆனால் மனசு அங்கேயே நின்றது. எழுதிக்கொண்டே இருந்தது என்றால் எதை எழுதியது? எழுதுவதற்கு அதற்கு முன்னால் ஒரு படம் எடுத்திருக்க வேண்டுமே. எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் கேமராவை எடுத்துப் பார்த்தேன். வாழைமரம் இருந்தது. அதற்கு அடுத்த படத்தில் தம்பி நிற்கிறான், பக்கத்தில் பெரியப்பா மகள் நிற்கிறாள், கையில் அதே சேலை. நான் உள்ளே தட்டம் வைக்கப் போயிருந்த நேரத்தில் எடுத்திருக்கிறார்கள். தம்பி வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருக்கிறான். கல்யாண மாப்பிள்ளையை இங்கே நில், அங்கே நில் என்று ஆளாளுக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள், அவனும் நின்றிருக்கிறான். அதே மாதிரி இன்னும் இரண்டு படம். மூன்றும் பளிச்சென்று வந்திருந்தன. வாழைமரத்துக்கும் அவளுக்கும் நடுவில் நான் இல்லை.

கல்யாணமெல்லாம் முடிந்து வீடு காலியான பிறகு அம்மாவிடம் கேட்டேன். மீந்துபோன தேங்காய்களை உரித்துச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

"நாந்தான் வேண்டாம்னு சொல்லிப்போட்டேன்" என்றாள். "ஆல்பம் பொண்ணு ஊட்டுக்குப் போவும். அவிய சொந்தம் நாலு பேரு பாப்பாங்க. நாளைக்கு அந்தப் புள்ளைக்கு ஒண்ணுன்னா உன்ற தலைலதான் வந்து உழுவும். உன்ற நல்லதுக்குத்தான் கண்ணு."

"அப்பறம் எதுக்கும்மா என்னை நிக்க உட்டீங்க?"

"அவன் புடிவாதம் புடிச்சான். நீயும் ஆசப்பட்டே. நின்னே. போதாதா?"

அம்மா கெட்டவள் இல்லை. அதுதான் எனக்கு ஆத்திரம். கெட்டவளாக இருந்தால் இரண்டு வார்த்தை திட்டியிருப்பேன். அவள் எனக்கு நிற்க இடமும் கொடுத்து, நின்றதற்குச் சாட்சி இல்லாமலும் பார்த்துக்கொண்டாள். இரண்டையும் பிரியத்தோடுதான் செய்தாள். ஒருத்தருக்கும் மனசு நோகாமல் காரியத்தை முடிக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம். அந்த ஒருத்தர் கணக்கில் நான் எப்போதும் வந்ததில்லை.

கார்டு ஸ்லோ என்பது அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் நிலைத்துவிட்டது. ஆல்பத்தைப் புரட்டுகிறவர்கள் யாராவது நினைவு வந்து, "உங்க பெரியவ நின்ன படம் இல்லீங்களா?" என்று கேட்டால், அம்மா உடனே, "கார்டு ஸ்லோவாப் போச்சுங்க" என்பாள். கார்டு என்றால் தட்டையா உருண்டையா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கேட்டவர்களும், "ஆமாங்க, இந்தக் கார்டே அப்படித்தானுங்க" என்று தலையாட்டுவார்கள். நான் பக்கத்திலேயே இருப்பேன். அந்தக் கார்டைத் தேடி எடுத்துப் போட்டவள் நான், கடையில் இருந்ததிலேயே அதுதான் வேகம் என்று சொல்லலாம். சொன்னால் அம்மா பொய் சொல்கிறாள் என்று நான் சொன்ன மாதிரி ஆகும். நாலு பேர் முன்னால் அதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நானும் அந்த ஊர்க்காரிதானே. மாமன் மகன் மட்டும் எங்கே என்னைப் பார்த்தாலும் கொஞ்சம் கூடுதல் மரியாதையோடு பேசுவான். அந்த மரியாதை எனக்குக் குமட்டும்.

படம் இல்லாவிட்டால் போகிறது என்று என்னைத் தேற்றிக்கொண்டது ஒரே ஒரு காரணத்தால்தான். அந்தச் சேலையின் மறுமுனையைப் பிடித்தவன் இருக்கிறானே. அவனுக்குத் தெரியும். ஊர் முழுக்க மறந்தாலும், ஆல்பத்தில் யார் நின்றாலும், அவன் கைக்குத் தெரியும். அந்த நினைப்பில் பல வருஷம் ஓட்டினேன். கடையில் கேமரா விற்றபோதும் சரி, கேமரா போய்ப் போன் கவர் வந்தபோதும் சரி, அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்து போன பிறகு தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு நான் ஒண்டிக் குடித்தனமாகக் கணபதி ஏரியாவுக்கு வந்தபோதும் சரி, எனக்கென்று ஒருத்தன் எழுந்து நின்றான் என்பது உள்ளே ஒரு ஓரத்தில் இருந்துகொண்டே இருந்தது. அதற்கு மேல் தம்பியிடம் நான் எதையும் கேட்டதில்லை. அவனும் கொடுக்க மறந்தது அதிகம். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தம்பி இப்போது சரவணம்பட்டியில் அடுக்குமாடியில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போனேன். தம்பி பெண்டாட்டி காப்பி கொடுத்துவிட்டு, மொட்டை மாடியில் வடாம் காய்கிறது என்று மேலே போனாள். தம்பி சோபாவில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான். வயிறு வைத்துவிட்டது, முன்னந்தலையில் வழுக்கை ஏறிவிட்டது. மகள் கேமராவைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். வெள்ளிக் கலர் அங்கங்கே உரிந்து கறுப்பாகத் தெரிந்தது. கீழே மூடியைத் திறந்து கார்டை எடுத்தேன். நான் போட்ட கார்டு அல்ல. அந்தக் கார்டைப் படம் பிரிண்ட் போட ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனான் மாமன் மகன், அது திரும்பி வரவே இல்லை. இதில் இருந்தது பேர் தெரியாத மட்டமான கார்டு, வட்டமும் இல்லை நம்பரும் இல்லை.

"இது ஆவாது கண்ணு" என்றேன்.

"இதுல எடுத்த பழைய படமெல்லாம் எப்படி இருக்குதுன்னு பாக்கறக்கு ஆல்பத்த எடுத்தேனுங்க அத்தை" என்று மேஜையில் இருந்த கல்யாண ஆல்பத்தைத் திறந்தாள். "இந்தக் கலரே வேறங்க. போன்ல இப்படி வர்றதே இல்ல." வாழைமரம் வந்தது. ரொம்ப அழகாக இருக்கிறது என்றாள். அடுத்த பக்கம் புரட்டினாள். பெரியப்பா மகள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இணைச்சீர் பண்ணுனது இந்த அத்தைதானுங்களாப்பா?"

தம்பி போனிலிருந்து தலையைத் தூக்கி ஆல்பத்தைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"ஆமா கண்ணு. அவங்கதான்" என்றான்.

சொல்லிவிட்டுப் போனுக்குத் திரும்பிவிட்டான். அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. மறைக்கிறவன் முகம் எனக்குத் தெரியும், மாமன் மகன் முகத்தில் எத்தனையோ வருஷமாகப் பார்த்துவருகிறேன். இது அது அல்ல. படத்தில் அவள் இருக்கிறாள், அதனால் அவள்தான் நின்றாள். எத்தனை தடவை அந்தப் பக்கத்தைப் பார்த்திருப்பான், யார் யாருக்குக் காட்டியிருப்பான். பார்த்துப் பார்த்து அவனுக்கு அதுதான் நடந்தது என்று ஆகிவிட்டது.

"நாந்தாண்டா நின்னேன்" என்றேன். குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "இவ இல்லை. நான் நின்னேன். நீ சொல்லித்தான் நின்னேன்."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். மறுக்கவில்லை. நெற்றியைச் சுருக்கிக் கொஞ்சம் யோசித்தான். பிறகு ரொம்பப் பணிவாக, "இருக்குமுங்க அக்கா" என்றான். "அன்னைக்கு ஒரே கூட்டம். எனக்கு ஒண்ணும் ஞாபகமே இல்லீங்க."

இருக்கும். எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்த விருந்தாளி எதையாவது அடித்துச் சொன்னால் அப்படித்தான் சொல்வோம். நம்புகிறோம் என்றும் இல்லை, நம்பவில்லை என்றும் இல்லை. காப்பி ஆறுவதற்குள் பேச்சு முடிய வேண்டும், அவ்வளவுதான். அவன் பொய் சொல்லியிருந்தால்கூட நான் பொறுத்திருப்பேன். பொய் சொல்கிறவனுக்கு உண்மை தெரிந்திருக்கும், அது அவனோடாவது இருக்கும். இவனிடம் ஒன்றுமே இல்லை. நான் இத்தனை வருஷம் பத்திரமாக இருக்கிறது என்று நம்பிய இடம் எப்போதோ காலியாகிவிட்டது. எப்போது என்றுகூட எனக்குத் தெரியாது.

அந்தப் பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்று மட்டும் பட்டிருக்கும். சட்டென்று கேமராவை எடுத்துக்கொண்டு, "அப்பா, எந்திரிங்க. அத்தை, நீங்களும் போய் அப்பா பக்கத்துல நில்லுங்க. நான் எடுக்கறேன்" என்றாள். தம்பி எழுந்து ஜன்னல் ஓரமாகப் போய் நின்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். வெளிச்சம் பார்க்கிறேன் என்று அவனை மட்டும் ஒரு படம் எடுத்தாள். கேமரா ஓரத்தில் விளக்கு மினுக்க ஆரம்பித்தது. நான் போய் அவன் பக்கத்தில் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை. அவன் தோள் என் தோளில் பட்டது.

"ஒரு நிமிசமுங்க" என்றாள் மகள். "எழுதிட்டிருக்குது."

விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றோம். தம்பி போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். "ஏனுங்க, சொல்லுங்க" என்று காதில் வைத்துக்கொண்டே பால்கனிக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் விளக்கு அணைந்தது. மகள் கேமராவைத் தூக்கியவள் அப்படியே இறக்கிக்கொண்டாள்.

"சாரிங்க அத்தை. கார்டு ஸ்லோங்க."

எங்கள் வீட்டில் அந்த வார்த்தையை ஒருத்தர் உண்மையாகச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அவள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. பால்கனியில் தம்பி யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தான், இப்போதைக்கு வருகிற மாதிரி இல்லை. நான் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். காந்திபுரம் பஸ்ஸைப் பிடித்து, வழியில் கணபதியில் இறங்க வேண்டும்.

அவள் வாசல் வரைக்கும் கூட வந்தாள். செருப்பைப் போடும்போது, "அப்ப எந்தக் கார்டுங்க அத்தை வாங்கட்டும்?" என்று கேட்டாள்.

"இருக்கறதுலயே வேகமானதாப் பாத்து வாங்கு கண்ணு" என்றேன். "உங்கப்பா ஒருக்காத்தான் நிப்பாங்க."